மாநகராட்சியின் பதிவேடுகள்: சென்னை தன்னைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறது?

ஒரு மாநகராட்சி தன் நகரத்தைப் பற்றியும் அதில் வாழும் மக்களைப் பற்றியும் என்னென்ன தரவுகளைச் சேர்க்கிறது, அவற்றை எப்படிப் பராமரிக்கிறது, சேர்த்ததை வைத்து உருப்படியாக ஏதாவது செய்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பொதுப்படையாகப் பதில் எழுதினால் அது எல்லா நகரங்களுக்கும் பொருந்துவதுபோல் தோன்றும். எந்த நகரத்தையும் புரிந்துகொள்ள உதவாது. ஆகவே பெருநகர சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும் நியூயார்க்கைக் குறிப்பிடுகிறேன்.

தரவு சேகரிப்பு என்று பெயர் வைத்து மாநகராட்சியில் நடக்கும் வேலை மிகக் குறைவு. வரி விதிக்கிறார்கள், பிறப்பு, இறப்புகளைப் பதிகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள், தொழில் உரிமம் வழங்குகிறார்கள், கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். இந்த வேலைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பதிவேட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ரிப்பன் மாளிகைக் கட்டுப்பாட்டு மையத்தின் பெரிய திரைகளில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இந்தப் பதிவேடுகளிலிருந்து வடித்தெடுத்ததுதான். ஒரு வேலைக்காகப் பிறந்த பதிவேடு அந்த வேலைக்குத் தேவையானதை ஓரளவு துல்லியமாக வைத்திருக்கும். மற்ற விவரங்களில் யாரும் அக்கறை காட்டியிருக்க மாட்டார்கள். நகரத் தரவுகளின் பலம், பலவீனம் இரண்டுக்கும் இதுவே வேர் என்பது என் கருத்து.

சொத்து வரியைப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு வரி போட அதன் பரப்பளவு, குடியிருப்பா வணிகமா என்ற பயன்பாடு, உரிமையாளரே குடியிருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பது, கட்டடத்தின் வயது, அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை மதிப்பு ஆகியவை வேண்டும். இவை அனைத்தும் பதிவேட்டில் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது, மழைக்காலத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறுமா என்பவற்றை வரி மதிப்பீட்டுக்கு வருபவர் கேட்க வேண்டியதில்லை. அவர் கேட்பதும் இல்லை. இருக்கும் விவரங்களும் மதிப்பீடு செய்த நாளின் நிலவரமே. 2011இல் எல்லை விரிவதற்கு முன்பிருந்த பழைய மாநகராட்சிப் பகுதியில், எல்லாக் கட்டடங்களின் வரியையும் ஒருசேர மறுமதிப்பிடும் பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது. அதற்குப் பிறகு, 2018இல் உயர்த்திய வரியை 2019இல் நிறுத்திவைத்துவிட்டு, 2022இல்தான் மீண்டும் உயர்த்தினார்கள். இடையில் கழிந்த கால் நூற்றாண்டில் தனிவீடுகள் அடுக்குமாடிகளாயின, முன்னறைகள் கடைகளாயின, மாடியில் தகரக் கூரை போட்டு இன்னொரு குடும்பம் குடிவந்தது. உரிமையாளர் தாமாக வந்து சொன்னாலோ, ஊழியர் கண்ணில் பட்டாலோ ஒழிய இந்த மாற்றங்கள் பதிவேட்டில் ஏறவில்லை. ட்ரோன் படங்களையும், இடவிவரங்களைக் கணினியில் அடுக்கிக் காட்டும் ஜி.ஐ.எஸ். வரைபடங்களையும் வைத்துக் கட்டடங்களின் உண்மையான அளவை வரிப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை மாநகராட்சி பின்னால் கையில் எடுத்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைச் சென்னையில் வீடு வைத்திருக்கும் எவரும் தம் அலமாரியைத் திறந்தே பார்த்துக்கொள்ளலாம். சொத்து வரி ரசீதில் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என்ற வரிசையில் ஓர் அடையாள எண் இருக்கும். மின் கட்டண அட்டையில் வேறொரு இணைப்பு எண். குடிநீர் வாரியத்தின் ரசீதில் இன்னொரு நுகர்வோர் எண். வருவாய்த் துறையின் நில ஆவணத்தில் நகரப் புல எண். கட்டடத் திட்ட அனுமதிக்கு ஒரு கோப்பு எண். இவ்வளவும் போதாதென்று வாசலில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு கதவு எண்கள். ஒரே வீட்டைக் குறிக்கும் இந்த எண்கள் ஒன்றையொன்று அறியாதவை. கதவு எண்ணை வைத்து இணைத்துவிடலாம் என்றால் ஒரு துறை புதிய எண்ணையும் இன்னொரு துறை பழைய எண்ணையும் பதிந்து வைத்திருக்கும். தெருப் பெயரை ஒருவர் முழுதாகவும் மற்றவர் சுருக்கியும், ஒருவர் தமிழிலும் மற்றவர் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பார்கள். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, 155 வார்டுகள் 200 ஆனபோது, சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகளின் பதிவேடுகளும் சேர்ந்துகொண்டன. அவற்றில் நகராட்சிகளும் இருந்தன, ஊராட்சிகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி எண் போட்டுவந்தது. எல்லை விரிந்ததை ஓர் அரசாணையில் முடித்துவிடலாம். பதிவேடுகளை ஒன்றாக்குவது அப்படி முடிகிற வேலை அன்று.

பொது எண் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நகரின் கட்டடங்களுக்கு ஓர் அடையாள எண்ணும் மனைகளுக்குத் தனி எண்ணும் உண்டு. பல துறைகள் அவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. வீடுகளைச் சட்டவிரோதமாகத் தடுத்துப் பிரித்து அளவுக்கு மீறி ஆட்களைக் குடிவைப்பதாக அந்த நகரத்துக்கு ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஆய்வாளர்களோ இருநூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்கள் போய்ப் பார்த்த இடங்களில் உடனே காலி செய்ய உத்தரவிடும் அளவுக்கு ஆபத்து இருந்தது சுமார் 13 சதவீதத்தில் மட்டுமே. மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் காலத்தில் மைக்கேல் ஃபிளவர்ஸ் தலைமையில் அமைந்த சிறு பகுப்பாய்வுக் குழு புதிதாக எதையும் சேகரிக்கவில்லை. வரி பாக்கி, கடன் தவணை தவறியதால் ஜப்திக்கு வந்த வீடுகள், கட்டடத்தின் வயது, முந்தைய தீ விபத்துகள் என்று வெவ்வேறு துறைகளில் கிடந்தவற்றைக் கட்டட வாரியாகச் சேர்த்து, எந்தப் புகாரை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது. அந்த வரிசைப்படி போனபோது காலி செய்ய உத்தரவிட வேண்டிய இடங்களின் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. இதைச் சொல்லும்போது கணினி வித்தையைப் பற்றியே பேசுவார்கள். என் பார்வையில், பல காலமாகப் பொறுமையாகப் பராமரித்து வந்த அந்த எண்கள் இல்லாமல் அந்த வித்தைக்கு வேலையே இருந்திருக்காது.

சென்னை மாநகராட்சியிடம் உள்ள பதிவேடுகளில் மிக மதிப்புள்ளது எது என்று கேட்டால் சொத்து வரியை நான் சொல்ல மாட்டேன். பிறப்பு, இறப்புப் பதிவேட்டைத்தான் சொல்வேன். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி நிகழ்வு நடந்த 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் மருத்துவமனையும், வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரும் அதற்குப் பொறுப்பு. சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்று, காப்பீடு, வங்கிக் கணக்கு எதுவும் நகராது. பிணத்தை எரிக்கவும் புதைக்கவும் மாநகராட்சியின் மயானத்துக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும். ஆகவே சென்னையில் நடக்கும் இறப்புகளில் பதிவாகாமல் போவது அரிது. மக்களுக்கே தேவைப்படும் பதிவேடு என்பதால் அது முழுமையாக இருக்கிறது.

அதைப் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். பதிவு நிகழ்ந்த இடத்தின்படி நடக்கிறது. இறந்தவர் எங்கே குடியிருந்தார் என்பதன்படி இல்லை. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்து இறப்பவரும் சென்னையின் பதிவேட்டில்தான் ஏறுவார். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மொத்த எண்ணிக்கையைச் சென்னையின் மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் இறப்பு விகிதம் தவறாகிவிடும். மரணக் காரணமும் அப்படித்தான். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுகிறார். முதுமையில் வீட்டில் இறந்தவருக்கு அது பெரும்பாலும் பெயரளவில் போகிறது.

இந்தக் குறையை எப்படிக் கடக்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சிறப்பான முன்னுதாரணம் இருக்கிறது. 1990களின் நடுவில் நகரத்தில் நிகழ்ந்த பல்லாயிரம் இறப்புகளை மாநகராட்சியின் பதிவேட்டிலிருந்து எடுத்து, நோய்ப்பரவியல் ஆய்வாளர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் அந்தந்த வீடுகளுக்கே சென்று, கடைசி நாட்களில் இறந்தவருக்கு என்னென்ன உபாதைகள் இருந்தன, அவர் பீடி, சிகரெட் புகைப்பவரா என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். பதிவேட்டில் தெளிவில்லாமல் கிடந்த பல மரணங்களுக்குக் காரணம் தெரிந்தது. விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் செய்த இதே போன்ற பணியையும் சேர்த்து, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோருடன் 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று காட்டியது. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது புதிய செய்தி. சுடுகாட்டு அனுமதிக்காகவும் வாரிசுச் சான்றுக்காகவும் எழுதிய வரிகள் மருத்துவ அறிவுக்குப் பயன்பட்டன. மாநகராட்சி அந்தப் பெயர்களையும் முகவரிகளையும் ஒழுங்காக வைத்திருந்ததே அதற்கு அடிப்படை.

இதே பதிவேடு 2020இல் இன்னொரு வகையில் பேசியது. கொரோனா மரணங்களின் தினசரி எண்ணிக்கையை மாநில சுகாதாரத் துறை தனக்கு வந்த அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டு வந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கோ மருத்துவமனைகளிலிருந்தும் மயானங்களிலிருந்தும் தகவல் வேறு வழியாக வந்துகொண்டிருந்தது. மாநகராட்சியின் பதிவில் கொரோனா என்று குறிக்கப்பட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் மாநிலத்தின் கணக்கில் இல்லை என்று ஜூன் மாதத்தில் செய்தித்தாள்கள் எழுதின. அரசு ஒரு குழுவை அமைத்தது; குழு இரு தரப்புப் பதிவுகளையும் பெயர் பெயராக ஒப்பிட்டது. ஜூலை 22ஆம் தேதி விடுபட்ட 444 மரணங்கள் மாநிலத்தின் எண்ணிக்கையில் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. அப்போது இதை மறைப்பு என்று சிலரும் வெறும் தாமதம் என்று சிலரும் வாதிட்டார்கள். அந்த வாதத்தை விட்டுவிட்டு, நிர்வாகம் எப்படி இயங்கியது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு பதிவேடுகளும் மூன்று மாதங்களாக அருகருகே நிரம்பிக்கொண்டிருந்தன. வாரம் ஒருமுறை ஒன்றை மற்றொன்றோடு சரிபார்ப்பது எவருடைய அன்றாட வேலையாகவும் இருக்கவில்லை. குழு போட்டபிறகுதான் அது ஒரு வேலையாயிற்று. பின்னர் சென்னையின் மொத்த இறப்புப் பதிவுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்தைவிட சுமார் 26 ஆயிரம் இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டுக்கு மரணக் காரணம் தேவைப்படவில்லை. இறந்தவர்களைத் தவறாமல் எண்ணியிருந்ததே போதுமானதாக இருந்தது.

அதே 2020 மார்ச்சில் நடந்த ஒரு சிறு சம்பவம் தரவின் தரம் என்பதை எந்தப் பாடநூலையும்விட நன்றாக விளக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற ஒட்டுவில்லையை மாநகராட்சி ஒட்டி வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பிரபல நடிகரின் அலுவலக வாசலிலும் அது ஒட்டப்பட்டது. அவரோ வெளிநாட்டிலிருந்து அப்போது வந்தவர் அல்லர். முன்பு அந்த முகவரியில் இருந்த வேறொருவரின் கடவுச்சீட்டில் பழைய முகவரியே இருந்ததால் வந்த குழப்பம் அது என்று பிறகு தெரிந்து, வில்லை அகற்றப்பட்டது. பிரபலர் என்பதால் அன்றே செய்தியாகி அன்றே சரியாயிற்று. சொந்த வீடு இல்லாமல் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் நிறைந்த நகரத்தில் கடவுச்சீட்டு, ஆதார், குடும்ப அட்டை என்று எந்த ஆவணத்தின் முகவரியும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு துறையில் பிழையாக இருக்கும் முகவரி அடுத்த துறைக்குப் போகும்போது உண்மையாகவே கருதப்படுகிறது.

களத்தில் நேரடியாகச் சேர்க்கும் தரவுகளில் என்னைப் பொறுத்தவரை சுவாரசியமானது கொசுப்புழு ஆய்வு. டி.பி.சி. (வீடுகளில் கொசு உற்பத்தியாகிறதா என்று பார்ப்பவர்கள்) என்று அழைக்கப்படும் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மேல்நிலைத் தொட்டி, கீழ்நிலைத் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர் என்று தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்க்கிறார்கள். ஆய்வு செய்த நூறு வீடுகளில் எத்தனையில் புழு இருந்தது என்பது ஒரு குறியீடு; தண்ணீர் இருந்த நூறு கலன்களில் எத்தனையில் புழு இருந்தது என்பது இன்னொன்று. டெங்குவைக் கட்டுப்படுத்த எந்தத் தெருவில் மருந்து தெளிப்பது என்பதை இவற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். ஆனால் கணக்கின் வகு எண்ணில் இருப்பவை திறந்திருந்த வீடுகள் மட்டுமே. இருவரும் வேலைக்குப் போய்விட்டதால் பூட்டியிருக்கும் வீடு, காவலாளி உள்ளே விடாத அடுக்குமாடி, ஏறிப் பார்க்க ஏணியில்லாத மொட்டைமாடித் தொட்டி ஆகியவை கணக்கிலிருந்து நழுவுகின்றன. அப்படி நழுவிய இடங்களிலேயே புழு அதிகமாக இருந்தாலும் குறியீடு குறைவாகவே காட்டும். பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையைத் தனி நெடுவரிசையில் வெளியிட்டால் அந்தக் குறியீட்டின் நம்பகம் உடனே விளங்கிவிடும், செலவும் ஒன்றுமில்லை.

புகார் தரவில் வேறு விதமான கோணல் இருக்கிறது. 1913 என்ற எண்ணிலும் செயலியிலும் வரும் புகார்கள் குப்பை, தெருவிளக்கு, சாலைப் பள்ளம், தெருநாய் என்று வகைப்படுத்தப்பட்டு வார்டு பொறியாளருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ போகின்றன. இவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் நகரத்தின் சிக்கல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும் என்பார்கள். தெரிவது, புகார் செய்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. குடியிருப்போர் சங்கம் சுறுசுறுப்பாக உள்ள பகுதியிலிருந்து ஒரே விளக்குக்கு ஐந்து புகார் வரும். புகார் செய்தால் தம் குடிசைக்கே நோட்டீஸ் வருமோ என்று அஞ்சும் பகுதியிலிருந்து சாக்கடை பொங்கினாலும் ஒன்றும் வராது. தீர்க்கப்பட்டது என்ற நிலையும் வேலை முடிந்ததைக் குறிப்பதாக எப்போதும் கொள்ள முடியாது. இது எங்கள் துறை இல்லை என்று மூடப்பட்ட புகாரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எத்தனை சதவீதம் தீர்த்தோம் என்ற எண்ணை வைத்து அதிகாரிகளை மதிப்பிடும்போது இந்தப் போக்கு இன்னும் வலுக்கும்.

குப்பைத் துறை இதை நேரடியாகப் பட்டே உணர்ந்தது. தனியார் நிறுவனங்களுக்கு முன்பு அள்ளிய எடையைப் பொறுத்துப் பணம் தரப்பட்டது. கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளின் எடைமேடைச் சீட்டுதான் பட்டுவாடாவுக்கு ஆதாரம். எடைக்குக் காசு என்றால் தரம் பிரிப்பதிலும் குப்பையைக் குறைப்பதிலும் எந்த நிறுவனத்துக்கு ஆர்வம் வரும்? 2020இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டு, தெரு சுத்தமாக இருக்கிறதா, வீட்டு வாசலில் தரம் பிரித்து வாங்கப்படுகிறதா என்பன போன்ற செயல்திறன் குறியீடுகளுக்கு மாறினார்கள். எடையை எந்திரம் சொல்லிவிடும். தெரு சுத்தமா என்பதை யாராவது போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளப்பது கடினமாயிற்று என்றாலும் அளக்க வேண்டியதை அளக்கத் தொடங்கினார்கள் என்ற வகையில் அது நல்ல மாற்றமே.

நகரத்தைப் பற்றிய தரவு என்றதும் மாநகராட்சியை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தை எண்ணிப் பாருங்கள். மழையை அளப்பது வானிலை ஆய்வு மையம். செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டமும் அன்று வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை திறந்துவிடப்பட்ட கணக்கும் அப்போதைய பொதுப்பணித் துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. எந்தத் தாழ்வான நிலத்தில் எதைக் கட்ட அனுமதித்தார்கள் என்ற கோப்பு பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில். டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். ஒரே இரவில், இருபது சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரண்டு இடங்களின் அளவை வைத்து நகரத்தின் மழை என்று பேசுவதில் பொருளில்லை. நகரத்துக்குள் கூடுதல் மழைமானிகளையும் சுரங்கப்பாதைகளில் நீர்மட்ட உணரிகளையும் அமைக்கத் தொடங்கியது பின்னால் வந்த படிப்பினை. கருவிகள் வந்துவிட்டன என்பதற்காக ஏரியைத் திறக்கும் துறையின் எண்ணும் வடிகாலைப் பராமரிக்கும் துறையின் எண்ணும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்கு வந்து சேரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவும் பொறுப்பான அதிகாரியும் வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போகிறவர்களில் மாநகராட்சி ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் நிறையப் பேர் இருந்தாலும், தரவு ஒன்றிய அரசுடையது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் வேறு எதற்கும் பயன்படக் கூடாது. மாநகராட்சிக்குக் கிடைப்பது வார்டு அளவிலான கூட்டுத்தொகை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027ஐக் குறிப்பாண்டாகக் கொண்டிருப்பதால், இன்றுவரை வார்டுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2011இன் பதிலையே நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

துறைகளின் பதிவேடுகளை இணைக்க வேண்டும் என்று இவ்வளவு வாதிட்டபின், இணைப்பதால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அதிகாரிகளிடம் பரவலாக இருக்கிறது. 2014இல் நியூயார்க்கில் தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றுக்குப் பதிலாக, முந்தைய ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்ஸிப் பயணங்களின் விவரத்தை வழங்கினார்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் மறைகுறியாக மாற்றியிருந்தார்கள். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட சில அமைப்புகளில் மட்டுமே வரக்கூடியவை என்பதால், சாத்தியமான எல்லா எண்களையும் அதே முறையில் மாற்றிப் பார்த்து, விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் ஓரிரு மணி நேரத்தில் மறைப்பை அவிழ்த்துவிட்டார். ஓட்டுநர்களின் வருமானமும் அவர்கள் போய்வந்த இடங்களும் யாரும் பார்க்கும்படி ஆயின. நம்மூரில் வார்டு, தெரு, வயது, பாலினம் நான்கும் இருந்தால் பெயர் இல்லாமலே ஒருவரை அடையாளம் காண அண்டை வீட்டாருக்குக் கணினியே வேண்டாம்.

இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்குத் தாராளமான விலக்குகளைத் தருகிறது; அதே வேளையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. குடிமகனைப் பற்றி அரசு வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு தளர்வாகவும், அரசைப் பற்றிக் குடிமகன் கேட்பதற்குக் கட்டுப்பாடு இறுக்கமாகவும் ஆகியிருப்பதாகவே இதை நான் வாசிக்கிறேன். ஒப்பந்தக்காரர் பட்டியலையும் பயனாளிகள் பட்டியலையும் இந்தப் பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானது.

கடைசியாக, இந்தத் தரவு உங்களுக்குக் கிடைக்குமா என்பது. சீர்மிகு நகரங்கள் திட்டம் நடந்த 2015 முதல் 2025 வரையிலான காலத்தில் நகரங்கள் தரவு அதிகாரிகளை நியமிக்க வேண்டும், தரவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல்கள் வந்தன; தமிழ்நாடு அரசும் 2022இல் தனியாக ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டது. நடைமுறையில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது, அச்சிட்டுக் கையொப்பமிட்டு மறுபடி ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பு. கூட்டவும் முடியாது, தேடவும் முடியாது.

ஆகவே கேட்கும் முறையில் கவனம் வேண்டும். உங்கள் வார்டில் குப்பை மேலாண்மை எப்படி நடக்கிறது என்று விண்ணப்பித்தால் அரைப்பக்க விளக்கம் வரும். எந்தப் பதிவேடு, எந்த வார்டு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தெந்த நெடுவரிசைகள் என்று குறிப்பிட்டு, தனிநபர் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டாம் என்று நீங்களே எழுதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவின்படி மின்னணு வடிவில் எக்செல் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. 2022இல் விதிகள் வந்தபின் வார்டுக் குழுவும் பகுதி சபையும் சட்டப்படி இருக்கின்றன; அங்கே புகார் எண்ணிக்கையைக் கேட்பதோடு, மூடப்பட்ட புகார்களில் எத்தனை வேறு துறைக்கு மாற்றி மூடப்பட்டவை, கொசுப்புழு ஆய்வில் எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன என்பவற்றையும் கேட்டுக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு விவரங்களும் வார்டு அலுவலகத்து நோட்டுகளில் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. தொகுத்துச் சொல்லும்படி யாரும் கேட்பதில்லை.